வீட்டுக் கணினிக்கு வேளை குறித்தல்: வேவுநிரல் சோதனை பற்றிச் சில கருத்துகள்



இலக்கணமும் இலக்கியமும் பேசப்படும் இவ்வுரை வரிசையில் கணினிக் காவலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நம் ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இன்று என்னென்ன இருக்கின்றன என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். அடுத்த தேர்வுக்குரிய வினாத்தாளின் வரைவு இருக்கிறது. மாணவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் அடங்கிய பட்டியல் இருக்கிறது. வங்கிக் கணக்கின் கடவுச்சொல் உலாவியின் நினைவில் இருக்கிறது. அதே கணினியில் மாலையில் பிள்ளை ஒரு விளையாட்டைப் பதிவிறக்குகிறான். இரவில் பாட்டி ஊரிலுள்ள உறவினரோடு காணொளியில் பேசுகிறார். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தே கற்கும் முறைக்கு மாறியபோது, இந்தக் கூட்டுக் குடித்தனம் எவ்வளவு நெருக்கமானது என்பது எல்லார்க்கும் விளங்கிற்று. பின்னர், 2021இன் இறுதிக்குள் உயர்நிலைப்பள்ளி மாணவர் அனைவர்க்கும் தனிக் கற்றல் சாதனங்கள் வந்து சேர்ந்தன. அவற்றின் அமைப்புகளைப் பள்ளி தொலைவிலிருந்தே கவனித்துக்கொள்கிறது. வரவேற்பறை மூலையில் இருக்கும் குடும்பக் கணினிக்கு அத்தகைய காவலர் எவருமிலர். அதற்கு நிர்வாகி நாமேதான்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'ஸ்பைவேர்' என்ற ஆங்கிலச் சொல் 2000ஆம் ஆண்டையொட்டியே இன்றைய பொருளில் பரவலாயிற்று. தமிழில் உளவு மென்பொருள், ஒற்றுநிரல், வேவுநிரல் எனப் பலவாறு வழங்குகிறோம். இவ்வுரையில் வேவுநிரல் என்றே கொள்வோம். 'ஸ்கேன்' என்பதற்கு 'வருடல்' என்ற ஆக்கம் உண்டு. ஆனால் வருடுதல் கன்றைத் தடவிக் கொடுக்கும் கையை நினைவூட்டுவது. இப்பணிக்குச் சற்று மென்மையான சொல். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடந்து போய்வரும் நமக்குச் 'சோதனை' என்ற எளிய சொல்லே போதும்.

வேவுநிரலின் இயல்பு ஒளிந்திருத்தல். கோப்புகளை அழிக்கும் நச்சுநிரல் தன் வருகையை விரைவில் காட்டிவிடும். வேவுநிரலோ கணினியைக் கெடுக்க விரும்பாது. கணினி நன்றாக இயங்கினால்தான் அதற்கும் பிழைப்பு. நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிந்துகொள்வன ஒரு வகை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிச்செல்வன ஒரு வகை. நாம் எதைத் தேடுகிறோம், எதை வாங்குகிறோம் என்று பார்த்து விளம்பரதாரருக்குச் சொல்வன இன்னொரு வகை. திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல், பிறர் ஐயுறாத உருவத்தை ஒற்றனின் தகுதிகளுள் ஒன்றாகக் கூறும். இத்தகுதி வேவுநிரலுக்கு நிரம்ப உண்டு. தமிழாசிரியர்க்கு அது இலவச எழுத்துருவாக வரலாம். பழைய குறியாக்கத்தில் தட்டெழுதிய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவியாக வரலாம். மாணவர்க்கு விளையாட்டில் குறுக்குவழியில் வெல்ல உதவும் நிரலாக வரும்.

இவற்றைத் தடுக்கும் ஏற்பாடு இரண்டு அடுக்குகளைக் கொண்டது. ஒரு கோப்பு உள்ளே வரும்போதும் திறக்கப்படும்போதும் அதை அப்போதே பார்ப்பது நேரடிக் காவல். இது சோதனைச் சாவடி போன்றது. குறித்த நேரத்தில் கணினிக்குள் சுற்றிவந்து ஏற்கெனவே உள்ளவற்றைப் பார்ப்பது நேரமிட்ட சோதனை; இது ஊருக்குள் நடக்கும் ரோந்து. சாவடி இருக்க ரோந்து எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். காவல்நிரலிடம் குற்றவாளிகளின் அடையாளப் பட்டியல் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை உள்ளே வந்த புதிய நிரலின் அடையாளம் புதன்கிழமைதான் அப்பட்டியலில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். திங்களன்று சாவடி அதை வழியனுப்பி வைத்திருக்கும். யாரும் திறக்காத கோப்புறையில் அது உறங்கிக்கொண்டிருந்தால், புதனுக்குப் பிறகு நடக்கும் ரோந்துதான் அதைக் கண்டுபிடிக்க முடியும். பட்டியலைப் புதுப்பிக்காமல் செய்யும் சோதனையால் பயன் குறைவு என்பதும் இதிலிருந்தே பெறப்படும்.

இனி, இவ்வுரையின் நடுப்பொருளாகிய நேரத்துக்கு வருவோம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ் கணினி. அதனோடு சேர்ந்தே வரும் காவல்நிரல் டிஃபெண்டர். மைக்ரோசாஃப்ட் 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஜயண்ட் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, அதன் வேவுநிரல் தடுப்பு மென்பொருளையே தன் பெயரில் வெளியிட்டது. விஸ்டா காலத்தில் அந்நிரலின் முகப்பிலேயே எந்த நாள், எத்தனை மணி, எவ்வகைச் சோதனை என்று குறித்துவிடலாம். விண்டோஸ் 8 முதல் அந்த வசதி முகப்பிலிருந்து எடுக்கப்பட்டது. சோதனை இப்போது தானியங்கிப் பராமரிப்பு என்னும் பொதுவேலையின் பகுதியாக நடைபெறுகிறது. அவ்வேலைக்கு இயல்பாகக் குறிக்கப்பட்டுள்ள நேரம் பின்னிரவு 2 மணி. அந்நேரத்தில் கணினி அணைந்திருந்தால், பின்னர் அது மின்னிணைப்போடு வேலையின்றி ஓய்ந்திருக்கும் வேளையில் சோதனை நடைபெறும்.

பயனருக்குத் தொல்லை தராத நல்ல ஏற்பாடு என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. அலுவலகத்தில் இரவு பகலாக எரியும் கணினிக்கு அது பொருந்தும். நம் அடுக்குமாடி வீட்டின் மடிக்கணினியை நினைத்துப் பாருங்கள். அது பின்னிரவு 2 மணிக்கு மூடிக் கிடக்கிறது. காலையில் எல்லாரும் பள்ளிக்கும் வேலைக்கும் போய்விடுகிறார்கள். அப்போதும் மூடிக் கிடக்கிறது. மாலையில் திறந்தால் வேலை முடியும் வரை ஒரு நொடி ஓய்வில்லை, மின்கலத்தில் ஓடுகிறது. வேலை முடிந்ததும் மூடிவிடுகிறோம். மின்னிணைப்பும் ஓய்வும் ஒருசேர வாய்க்கும் வேளை அதன் வாழ்வில் அரிது. காவல்நிரல் இருக்கிறது, பச்சைக் குறி தெரிகிறது, ஆனால் ரோந்து பல நாள் நடக்கவில்லை. குறைபாடு நிரலில் இல்லை. அதன் வேளையும் வீட்டின் வேளையும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

ஆகவே வீட்டின் நடைமுறையைப் பார்த்து நாமே வேளை குறிப்பது நலம். அதற்கு டாஸ்க் ஷெட்யூலர் என்னும் பணி அட்டவணைக் கருவியைத் தேடித் திறக்க வேண்டும். அதன் நூலகப் பகுதியில் மைக்ரோசாஃப்ட், அதனுள் விண்டோஸ், அதனுள் விண்டோஸ் டிஃபெண்டர் என்று இறங்கிச் சென்றால், 'ஷெட்யூல்டு ஸ்கேன்' என்று முடியும் பணி ஒன்று தென்படும். அதன் பண்புகளைத் திறந்தால் 'ட்ரிகர்ஸ்' என்ற ஏடு பொதுவாக வெறுமையாக இருக்கும். அங்கேதான் நம் நேரத்தைச் சேர்க்கிறோம். பலருக்கு உகந்தது இரவு உணவு வேளை. கணினி எரிந்துகொண்டிருக்கும், வீட்டார் உணவு மேசையில் இருப்பர். எட்டு மணிக்குச் சாப்பிடும் வீடாயின் எட்டு மணி என்றே குறிக்கலாம். வெள்ளிக்கிழமை கோவிலுக்குச் செல்லும் வீடு, ஞாயிறு பிற்பகல் உறங்கும் வீடு என்று ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு வேளை உண்டு. அதை வீட்டாரைக் கேட்டே அறிய வேண்டும். அந்த வேளைக்குச் சற்றுமுன் மின்கம்பியைச் செருகிவைக்கும் பழக்கமும் வேண்டும்.

நேரத்தைக் குறித்தவுடன் எழுந்துவிடலாகாது. பக்கத்து ஏடான 'கண்டிஷன்ஸ்' என்பதில் மின்னிணைப்பு இருந்தால் மட்டுமே தொடங்குக என்ற நிபந்தனை இருக்கும். மின்கலம் நல்ல நிலையிலுள்ள மடிக்கணினிக்கு அதை நீக்கிவிடலாம். உறக்கத்திலிருக்கும் கணினியை எழுப்பிச் சோதிக்கும் தேர்வும் அங்கேயே உண்டு. படுக்கையறையில் கணினி வைத்திருப்போர் நள்ளிரவில் திரை ஒளிர்வதை விரும்பமாட்டார்கள் ஆதலால் அதை விட்டுவிடலாம். 'செட்டிங்ஸ்' என்ற ஏட்டில் உள்ள ஒரு சிறு கட்டம்தான் எல்லாவற்றிலும் முதன்மையானது என்பது எம் கருத்து. குறித்த நேரம் தவறிப்போயிருந்தால் வாய்ப்புக் கிடைத்தவுடன் பணியைத் தொடங்குக என்று அது சொல்லும். அக்கட்டத்தில் குறியிடாவிட்டால், தீபாவளிக்கு ஊருக்குப் போன வாரம் முழுவதும் தவறிய சோதனைகள் தவறியவையாகவே போகும்.

எவ்வகைச் சோதனை என்பதில் பெரிதாகத் தடுமாற வேண்டியதில்லை. மேற்கூறிய பணி விரைவுச் சோதனையைச் செய்கிறது: இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள், கணினி தொடங்கும்போது தாமே எழும் நிரல்கள், வேவுநிரல்கள் வழக்கமாகத் தங்கும் இடங்கள் ஆகியவற்றைப் பார்க்கிறது. நாள்தோறும் இது போதும். முழுச் சோதனை எல்லாக் கோப்புகளையும் பார்ப்பதால் மணிக்கணக்காகும். மாதம் ஒருமுறை, விடுமுறை நாளில், நாமே கையால் தொடங்குவது எளிது. சோதனை நடக்கும்போது கணினி தளர்கிறது என்று முறையிட்டு அதை நிறுத்திவிடுவோர் பலர். நேரமிட்ட சோதனை மையச்செயலியின் ஆற்றலில் ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்குள் அடங்கி நடக்கும்படியே இயல்பில் அமைக்கப்பட்டுள்ளது. அதுவும் பொறுக்க இயலாத பழைய கணினிக்கு நேரத்தை மாற்றுவதே தீர்வு. சோதனையை நிறுத்துவது அன்று.

விரலி எனப்படும் தம்ப் டிரைவைப் பற்றி ஆசிரியர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கும் வீட்டிற்கும் அச்சகத்திற்கும் அலையும் பொருள் அது. தானாக நடக்கும் சோதனை அதையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருத்தல் கூடாது. அதைச் செருகியதும் அதன் பெயர்மீது வலப்பொத்தானை அழுத்தி, டிஃபெண்டரால் சோதிக்குமாறு கேட்பது அரை நிமிட வேலை.

சோதனை நடந்ததா என்று அறிவது எப்படி? விண்டோஸ் செக்யூரிட்டி என்ற முகப்பில் இறுதியாக நடந்த சோதனையின் நாள், நேரம், பார்க்கப்பட்ட கோப்புகளின் எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட்டிருக்கும். பச்சைக் குறியைவிட அந்நாளைப் பார்ப்பதே முதல் வேலை. நாள் மூன்று வாரம் பழையதாக இருந்தால் நம் அட்டவணை வேலை செய்யவில்லை. வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியர்க்கு 'ஐகார்' என்னும் சோதனைக் கோப்பு பயன்படும். 68 எழுத்துகளே கொண்ட அது எத்தீங்கும் செய்யாது. காவல்நிரல்கள் விழிப்போடு இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காகவே, அவை தீயதாகக் கருதவேண்டும் என்ற உடன்பாட்டோடு உருவாக்கப்பட்டது. வீட்டில் நடைபெறும் தீயணைப்புப் பயிற்சி என்று அதைச் சொல்லலாம். பள்ளிக்குரிய கணினியில் மட்டும் முன்கூட்டிச் சொல்லாமல் இதைச் செய்துபார்க்க வேண்டா. தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் ஓடிவருவர்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இதற்கு 2005ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்காட்டுவோம். அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர், சோனி பிஎம்ஜி வெளியிட்ட இசைத்தட்டு ஒன்று தம் கணினியில் ஒரு நிரலைச் சொல்லாமல் நிறுவியிருப்பதைக் கண்டு எழுதினார். படியெடுப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் அது விண்டோஸின் அடித்தளத்தில் அமர்ந்துகொண்டு, குறிப்பிட்ட சில எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் எவர் கண்ணுக்கும் தெரியாமல் மறைத்தது. எந்தத் தட்டு ஒலிக்கிறது என்ற செய்தி நிறுவனத்தின் கணினிக்குச் செல்வதும் பின்னர்த் தெரியவந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கிய தட்டு! இயங்குதளமே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று கூறும்போது, அதனிடம் கேட்டுச் சோதிக்கும் நிரலுக்கு வேறு எப்படித் தெரியும்? எழுந்த கண்டனத்தால் அடுத்த மாதமே அந்நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது.

இவ்வாறு மறைந்திருப்பவற்றுக்காகவே டிஃபெண்டரில் ஆஃப்லைன் சோதனை என்ற தேர்வு உள்ளது. அது கணினியை மறுபடி தொடக்கி, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே பார்த்துவிடும். கால் மணி நேரம் பிடிக்கும். ஐயம் தோன்றினாலோ, நீக்கிய வேவுநிரல் திரும்பத் திரும்ப வந்தாலோ இதைச் செய்க. திறந்துள்ள கோப்புகளைச் சேமித்துவிட்டே தொடங்க வேண்டும்.

இரண்டு காவல்நிரல்கள் இருந்தால் இருமடங்கு காவல் என்று எண்ணுவோர்க்கும் ஒரு சொல். நேரடிக் காவலில் இருவர் நின்றால் ஒரே கோப்பை இருவரும் பற்றி இழுப்பர், கணினி திணறும். வேறொரு நிரலை நிறுவினால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்வது இதனால்தான். ஆனால் ஒதுங்கிய டிஃபெண்டரை அவ்வப்போது சோதனை மட்டும் செய்யுமாறு பணிக்கும் தேர்வு 2016ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 10இல் உண்டு. விண்டோஸ் 11இலும் தொடர்கிறது. ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்ற கருத்து வருகிறது. அரசனுக்குச் சொன்னது வீட்டுத்தலைவிக்கும் பொருந்துகிறது.

விலக்குப் பட்டியல் என்ற அமைப்பு மாணவர்களோடு தொடர்புடையது. அதில் ஒரு கோப்புறையின் பெயரை எழுதிவிட்டால் காவல்நிரல் அதன் பக்கமே திரும்பாது. நியாயமான தேவைகளுக்காக ஏற்பட்ட வசதிதான். ஆனால் விளையாட்டுக் குறுக்குவழி நிரல்களும், விலை கொடுக்காமல் பெறும் மென்பொருள்களும் தம் நிறுவல் குறிப்பின் முதல் வரியிலேயே 'காவல்நிரலை அணைத்துவிடுக, அல்லது இக்கோப்புறையை விலக்கில் சேர்த்துவிடுக' என்று சொல்வதைப் பார்க்கலாம். வீட்டிற்கு வரும் விருந்தாளி முதலில் நாயைக் கட்டச் சொல்வதில் ஐயமில்லை. வாசற்கதவின் பூட்டையும் கழற்றச் சொன்னால்? மாணவர்களே, அந்த வரியைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெற்றோர்க்கு நாம் சொல்வது: பிள்ளைகளுக்கு நிர்வாகி அதிகாரமில்லாத தனிப் பயனர் கணக்கைக் கொடுங்கள். அக்கணக்கிலிருந்து விலக்குப் பட்டியலையும் சோதனை அட்டவணையையும் மாற்ற இயலாது. கூடவே, அப்பட்டியலைத் திறந்து, அதில் நீங்கள் எழுதாத பெயர் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எச்சரிக்கைகளின் மொழியைப் பற்றி இம்மன்றத்தில் பேசாமல் விட முடியாது. விண்டோஸுக்குத் தமிழ் முகப்பு உண்டு. அதை நிறுவியிருக்கும் வீடுகளை நாம் அரிதாகவே காண்கிறோம். எனவே எச்சரிக்கை வந்தால் ஆங்கிலத்திலேயே வருகிறது. அதைப் படிக்கத் தடுமாறும் முதியவர், சிவப்பு நிறத்தைப் பார்த்து அஞ்சி, கண்ணில் பட்ட பொத்தானை அழுத்துகிறார். ஏமாற்றுவோர் இந்த அச்சத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். உலாவிக்குள் முழுத்திரையாக விரிந்து, சோதனை ஓடுவதுபோல் நடித்து, நூற்றுக்கணக்கான தொற்றுகள் என்று கூவி, ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும் பக்கங்கள் உள்ளன. ஸ்பைஷெரிஃப் போன்ற பொய்க் காவல்நிரல்கள் 2005ஆம் ஆண்டு வாக்கிலேயே இவ்வித்தையைச் செய்தன. வீட்டிலுள்ள பெரியவர்க்குத் தமிழில் இரண்டு செய்திகளைச் சொல்லிவைத்தால் போதும். தாத்தா, உண்மையான காவல்நிரல் ஒருபோதும் தொலைபேசி எண் தராது. உலாவியை மூடியதும் மறைந்துபோகும் எச்சரிக்கை பொய்யானது. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பது உயர்நிலை ஒன்று மாணவர்க்கு நல்ல கட்டுரைப் பயிற்சியும் ஆகும்.

இறுதியாக, சோதனை எதையேனும் கண்டுபிடித்தால் என்ன செய்வது? தனிமைப்படுத்தல் என்ற சொல் 2020க்குப் பின் விளக்கம் வேண்டாத சொல்லாகிவிட்டது. ஐயத்துக்குரிய கோப்பை காவல்நிரல் அவ்வாறே தனியே அடைத்துவைக்கும்; பாதுகாப்பு வரலாறு என்ற பகுதியில் அதன் பெயரும் அது இருந்த இடமும் தெரியும். பெயரை எழுதி வைத்துக்கொண்டு நீக்கிவிடலாம். ஆனால் கடவுச்சொல் திருடும் வகையாயின் நீக்குவதோடு வேலை முடிவதில்லை. அவ்வகை நிரல் சில நிமிடங்களுக்குள் அள்ளவேண்டியதை அள்ளி அனுப்பிவிடும். கடவுச்சொற்களை மட்டுமன்று, நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளமான குக்கிகளையும் எடுத்துச்செல்லும். இரவு எட்டு மணிச் சோதனை அதைப் பிடிக்கும்போது பொருள் வெளியே போய்விட்டிருக்கும். ஆகையால் அதே கணினியில் அமர்ந்து கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். தூய்மையான வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளுக்கெல்லாம் திறவுகோல் அதுதான். பின்னர் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் தேர்வைப் பயன்படுத்தி, திருடிய குக்கிகளைச் செல்லாக்காசாக்குங்கள். அடுத்து வங்கி. மாணவர் விவரங்கள் அக்கணினியில் இருந்தால், அன்றே பள்ளிக்குத் தெரிவியுங்கள். இதில் நாணத்துக்கு இடமில்லை. அப்பட்டியலில் உள்ள பெயர்கள் நம்முடையவை அல்ல.

விண்டோஸ் 10 கணினியைத் தொடர்ந்து வைத்திருப்போர் ஒன்றை மனத்தில் கொள்ளவும். அதற்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டது. நாள்தோறும் சோதனை நடந்தாலும் இயங்குதளத்தின் ஓட்டைகளைச் சோதனை அடைக்காது. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேராத அத்தகைய கணினியில் வினாத்தாளும் வங்கிக் கணக்கும் இராதபடி பார்த்துக்கொள்வது நல்லது.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கலாம்.